பறக்கும் பாறுகளைப் படமெடுக்கையில் செய்யக்கூடாத தவறுகள்

பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. தமிழ்நாட்டில் அதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் மசினகுடி, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போகிறார்கள். மற்ற பறவைகளுக்குப் போகிற பழக்கத்தில் விடியற்காலையிலேயே போய் நிற்பது முதல் தவறு. தரை சூடேறிக் காற்று மேலே எழும்பினால்தான் பாறு வானேறும். ஒன்பது மணிக்கு மேல், அது தாழ்வாகச் சுற்றி மெல்ல உயரும் அரை மணி நேரம்தான் நமக்கானது. உச்சிவேளைக்குள் புள்ளியாகிவிடும்; கானல் அலைகிற அந்த நேரத்தில் எவ்வளவு விலையுள்ள லென்ஸ் வைத்திருந்தாலும் இறகு தெளிவாகப் பதியாது.

அடுத்தது வெளிச்சம். நான் முதன்முதலில் எடுத்த படங்களில் பாறு வெறும் கறுப்பு உருவமாகவே இருந்தது. வெளுத்த வானத்தைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்டினால் சரியாகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஆனால் அதே பறவை மலைச்சரிவுக்கு முன்னால் வந்தால் படம் வெளிறிப்போகும். அதனால் அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறையில் ஒருமுறை அளந்து, வெயில் மாறாதவரை அதைத் தொடாமல் விடுவதே நல்லது. உடல் வெளுத்த மஞ்சள்முகப் பாறுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை அசைக்காமல் மிதக்கிறதே என்று ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் வைக்காதீர்கள். நீண்ட லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருக்கும் கை அசையும். 1/1600-க்குக் குறையாமல் வையுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) கூடினால் கூடட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கண்டதும் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருப்பது. பாறு ஓடி ஒளிகிற பறவையல்ல, திரும்பத் திரும்ப அதே வட்டத்தில் வரும். இரண்டு சுற்று சும்மா பாருங்கள். வட்டமிடும்போது அது உள்பக்கமாகச் சாய்கிறது. அதனால் நமக்குக் கிட்டே வரும்போது அடிவயிறும் இறக்கையின் அடிப்பக்கமும் தெரியும். வட்டத்தின் தூரத்து முனையில் திரும்பும்போது முதுகு தெரியும், நாம் கொஞ்சம் உயரத்தில் நின்றால். வெண்முதுகுப் பாறின் கீழ்முதுகில் உள்ள வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிகிற இடம் அதுதான். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்க, அந்தத் திருப்பத்துக்குக் காத்திருந்து நான்கே படம் எடுத்தால் போதும். நாள் முழுக்க அண்ணாந்து வயிற்றை மட்டுமே எடுத்துவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

புலிகள் காப்பகச் சாலையில் வண்டியைவிட்டு இறங்கக்கூடாது, டிரோன் பறக்கவிடவே கூடாது. ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு இருந்தால் நெருங்காதீர்கள், இடத்தையும் இணையத்தில் போடாதீர்கள். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபீனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றதால், 2006-இல் தடை வருவதற்குள் இந்த இனத்தில் 99 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் அழிந்துவிட்டது. நாம் நெருங்கியதால் ஒரு கூடு கைவிடப்பட்டால் அந்த ஆண்டே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சுமாரான படங்களை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். வளர்ந்த வெண்முதுகுப் பாறுக்கு இறக்கையின் அடியில் முன்பாதி வெள்ளை. இளம் பறவைக்கு அது கிடையாது, உடல் முழுக்கப் பழுப்பு. கூர்மை குறைந்த ஒரு படத்தில் அப்படி ஒரு பழுப்புப் பறவை இருந்தால், மாயாற்றுப் பக்கம் ஒரு குஞ்சு பிழைத்துப் பறந்திருக்கிறது.