வாய்தா தேதி கேட்டு வருபவர்களுக்காக நான் செய்தது

முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் வேலை எனக்கு. அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்க மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறார்கள், பார்க்கவே மனசு கேட்காது. கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியில் தேதி இருக்கிறதுதான். ஆனால் பெயரை வைத்துத் தேடினால், சண்முகம் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'எஸ்ஹெச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் 'எஸ்', வழக்கு சிக்காது. சரி என்று, வழக்கு நம்பர் ஆனதுமே, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கிடைக்கும் சிஎன்ஆர் எண்ணை வழக்குக் கட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுத ஆரம்பித்தேன். கேட்டு வருபவர்களுக்கு அதையே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 16, டிஎன் என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் வருடம். அதைப் போட்டால் நேராக அந்த வழக்கே வரும். இப்போது பலர் வீட்டிலேயே தேதி பார்த்துக்கொள்கிறார்கள். செல்போன் இல்லாத பெரியவர்களிடம், பேரப்பிள்ளையிடம் சீட்டைக் காட்டச் சொல்கிறேன்.