ஆர்வியில் (வீட்டு வசதியுள்ள வண்டியில்) வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்புகிறீர்களா? முதலில் ஆற்றைப் பாருங்கள்

ஆற்றங்கரை வெந்நீர் ஊற்று என்றால் பலரும் வெந்நீரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எவ்வளவு சூடு, எத்தனை குளம், கூட்டம் இருக்குமா என்று. ஆனால் நீங்கள் குளிக்கப் போகிறீர்களா, பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறீர்களா என்பதை முடிவு செய்வது பக்கத்தில் ஓடும் ஆறுதான். எனக்கு இது கிர்க்கமில் புரிந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் லோமன் என்ற சின்ன ஊருக்குக் கிழக்கே, 21ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது அந்த இடம். பாறைச் சரிவில் வெந்நீர் குட்டி அருவிகளாக இறங்கி, சவுத் ஃபோர்க் பேயட் ஆற்றின் ஓரத்தில் கல் அடுக்கிய குளங்களில் தேங்கும். நாங்கள் முதல் தடவை ஜூன் தொடக்கத்தில் போனோம். பனி உருகி ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது, கீழே இருந்த குளங்கள் எல்லாம் தண்ணீருக்குள். அடுத்து செப்டம்பரில் போனபோது அதே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம்.

அதனால் மலைப்பகுதி ஆறுகளுக்கு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை திட்டமிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் போயே ஆகவேண்டும் என்றால், கிளம்பும் அன்று காலை யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) இணையதளத்தில் அந்த ஆற்றின் நீரோட்ட அளவைப் பாருங்கள். விநாடிக்கு எத்தனை கன அடி என்று வரைபடமாகவே காட்டும். அந்த எண் பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை, கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் போதும். குளிர்காலத்தில் வேறு சிக்கல்: லோமனுக்கும் ஸ்டான்லி என்ற ஊருக்கும் நடுவில் இந்த 21ஆம் சாலையைப் பனிச்சரிவு அபாயத்தால் மூடிவிடுவார்கள்.

இடம் இன்னும் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், பழைய பயணக் குறிப்புகளை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பாய்லிங் ரிவர் என்று எல்லோரும் சொல்லும் இடம் 2022 ஜூன் வெள்ளத்தோடு குளிக்க மூடப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஹாட் கிரீக்கில் சூடு திடீர் திடீரென்று மாறியதால் 2006லேயே தண்ணீரில் இறங்கத் தடை போட்டுவிட்டார்கள்.

அப்புறம் வண்டி. ஊற்று வரைக்கும் ஆர்வியை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். டெக்சஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் ரியோ கிராண்டே கரையில் அருமையான ஊற்று ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ், பழைய குளியல் அறையின் அடித்தளமே இப்போது தொட்டி. ஆனால் அதற்குப் போகும் மண் சாலை ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று அவ்வளவு குறுகல், மோட்டார்ஹோமை அதில் விடவே மாட்டார்கள். பின்னால் சின்னக் கார் இழுத்து வருகிறவர்களுக்குக் கவலையில்லை, மற்றவர்கள் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊற்றுகளில் நிறுத்த இடம் சின்னதாக இருக்கும், காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், திரும்பி வெளியே வரும்படி வண்டியின் மூக்கைச் சாலைப் பக்கம் வைத்து நிறுத்துங்கள். ஆற்று மணலில் சக்கரத்தை இறக்கவே வேண்டாம். இரவு அங்கேயே தங்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், வாசலில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டு நடந்துகொள்ளுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஆற்றங்கரை ஊற்றின் அழகே, சூட்டை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்பதுதான். குளத்தைச் சுற்றி அடுக்கியிருக்கும் கற்களில் ஆற்றுப் பக்கம் இருப்பதில் ஒன்றை நகர்த்தினால் குளிர்ந்த நீர் உள்ளே வரும், திரும்ப வைத்தால் சூடு ஏறும். ஸ்டான்லிக்குக் கிழக்கே 75ஆம் நெடுஞ்சாலையில், சால்மன் ஆற்றோரம் சன்பீம் ஊற்றில் இப்படித்தான் செய்யவேண்டும், அங்கே ஊற்றுவாயில் கை வைத்தால் வெந்துவிடும். அதே சாலையில் போட் பாக்ஸ் என்று ஒரு தொட்டி, குழாயில் வெந்நீர் வந்துகொண்டே இருக்கும், ஆற்றிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றினால்தான் உட்கார முடியும். ஒரு வாளியும், சமையலுக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டர் போன்ற ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். 40 டிகிரியைத் தாண்டினால் இறங்காதீர்கள். ஒரு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும், வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போங்கள். கர்ப்பிணிகளும் இதயக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கவேண்டாம். மது குடித்துவிட்டு யாருமே வேண்டாம், மயக்கம் வந்தால் பக்கத்தில் ஓடுவது ஆறு.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை: தலையை முக்காதீர்கள், குழந்தைகளை முக்க விடாதீர்கள். மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் வருகிறதே, அந்த நெக்லேரியா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும். நோய் வருவது மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கழுத்துக்கு மேலே தண்ணீர் படாமல் உட்கார்ந்தால் பயமில்லை.

சோப்பு, ஷாம்பு எதுவும் ஊற்றில் வேண்டாம். உடம்பை வண்டியின் ஷவரில் கழுவுங்கள். பாத்திரம், குளியல் என்று சேரும் அழுக்குத் தண்ணீரை ஆற்றோரம் திறந்துவிடாமல் டம்ப் ஸ்டேஷன் (வண்டிக் கழிவுநீரைக் கொட்டும் இடம்) வரை கொண்டுபோங்கள். ஒன்று, இரண்டு எல்லாமே வண்டிக் கழிப்பறையில் முடித்துவிட்டு இறங்குவது நல்லது, முடியாவிட்டால் தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போங்கள். ஊற்று நீரைக் குடிநீர்த் தொட்டியில் நிரப்பவும் கூடாது. வெள்ளிக் கொலுசு, மோதிரம் போட்டிருந்தால் வண்டியிலேயே கழற்றி வையுங்கள், கந்தகம் உள்ள ஊற்றில் கறுத்துவிடும். நனைந்த துணியை மூடிய பையில் போடாமல் வெளியே கொஞ்ச நேரம் காயவிட்டு எடுங்கள், இல்லையென்றால் அந்தக் கந்தக வாசம் அடுத்த இரண்டு நாள் படுக்கை வரை வரும்.