டயப்பர் காசில் கார்டு வட்டி

கிரெடிட் கார்டில் எங்களுக்கு 40,000 ரூபாய் பாக்கி நின்றது. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டியே 1,400. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. பில்லில் கேட்கிற குறைந்தபட்சத் தொகையை (மினிமம்) மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் பெரிதாகக் குறையாது. கார்டை பீரோவில் வைத்துப் பூட்டியது முதல் வேலை.

அடுத்து டயப்பர். சின்னவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து போனது. ஒன்று 12 ரூபாய் என்றாலும் மாதம் 1,800. பகலில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினோம், இரவுக்கு மட்டும் டயப்பர். 360-இல் முடிந்தது. துவைக்கிற வேலை கூடும், பொய் சொல்லவில்லை. மழை நாளில் துணி காயாது; அன்றைக்கு டயப்பரே போடுங்கள்.

மிச்சமாகும் காசு கையில் இருந்தால் எங்கேயோ போய்விடும். அதனால் வழக்கமாக டயப்பர் வாங்கும் தேதியிலேயே 1,400-ஐ கார்டுக்குக் கூடுதலாகக் கட்டிவிடுவோம்.

அப்புறம், சத்துமாவு டப்பா வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு அங்கன்வாடியில் இலவசமாகவே தருகிறார்கள், பெயரைப் பதிய வேண்டும். வெல்லம் அதிலேயே கலந்திருக்கும், சர்க்கரை போட வேண்டாம்.