காரில் ஏறினால் வாந்தி எடுக்கும் நாய்க்குட்டியைப் பழக்குவது எப்படி?

ராஜபாளையத்தில் குட்டி வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர், தே. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். பாதி வழியில் குட்டி வாந்தி எடுத்தது, அன்றிலிருந்து கார்க் கதவைத் திறந்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்பார்கள். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் பிரிகிற நாளே முதன்முதலாகக் காரில் ஏறுகிற நாளாகவும் அமைந்துவிடுவதால், அந்த 85 கிலோமீட்டர் குட்டியின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. வாந்தி வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். கார் மீது அதற்கு உண்டாகிவிட்ட பயம் அப்படித் தானாகப் போகாது. ஆகவே முதல் சில மாதங்களில் அந்தப் பயம் வேரூன்றாமல் பார்த்துக்கொள்வதே வளர்ப்பவரின் முதல் வேலை.

உடம்பின் சமநிலையை உணரும் உறுப்பு காதின் உட்பகுதியில் இருக்கிறது. குட்டிகளுக்கு அது இன்னும் முழுமையாக முதிர்ந்திருப்பதில்லை. காருக்குள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அசையாமல் இருக்க, காது மட்டும் ஆட்டத்தையும் திருப்பத்தையும் உணர்த்தும்போது, அந்த முரண்பாடே குமட்டலாகிறது. பெரும்பாலான குட்டிகளுக்கு ஏறக்குறைய ஒரு வயதுக்குள் இது சரியாகிவிடும்.

வாந்தி திடீரென்று வருவதில்லை. முதலில் குட்டி நாக்கை நீட்டி மூக்கு நுனியை நக்கும். தூக்கம் வராமலேயே மீண்டும் மீண்டும் கொட்டாவி விடும். ஒன்றுமில்லாத வாயை விழுங்கிக்கொண்டே இருக்கும். பிறகு கீழுதட்டின் ஓரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி முன்னங்கால்களை நனைக்கும். கொட்டாவி தொடங்கியதுமே வண்டியை ஓரங்கட்டிச் சற்று நேரம் நிறுத்தினால் பல நேரங்களில் வாந்தியைத் தவிர்த்துவிடலாம்.

எச்சில் எப்போது வடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு வடிந்தால் அது குமட்டல். நின்றுகொண்டிருக்கும் காரில் ஏற்றியவுடனேயே வடிந்து உடம்பும் நடுங்கினால் அது பயம். பல குட்டிகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆனால், பயத்துக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை, பழக்கித்தான் ஆகவேண்டும்.

பழக்கத்தை ஓடாத காரில் தொடங்குங்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டுகளைச் சிறிது சிறிதாகக் கிள்ளி முதலில் கதவருகிலும், பிறகு காரின் தரையிலும், பிறகு இருக்கையிலும் வையுங்கள். குட்டி தானாக ஏறட்டும், விரும்பினால் தானாக இறங்கட்டும், தூக்கி உள்ளே போட வேண்டாம். காருக்குள் தயக்கமின்றித் தின்று, சற்று நேரம் படுத்தும் கிடக்கிற நிலை வந்த பிறகு கதவைச் சாத்திப் பழக்குங்கள். அதன் பின் எஞ்சினை இயக்கி, நகராமல் அணைத்துவிடுங்கள். அடுத்து தெருமுனை வரை போய்த் திரும்பலாம். எந்தப் படியில் குட்டி தின்ன மறுக்கிறதோ, அங்கே அது அஞ்சுகிறது என்று பொருள். அப்போது வற்புறுத்தாமல் முந்தைய படிக்குத் திரும்புங்கள். இந்த நாள்களில் நெடும்பயணம் எதற்கும் அதை அழைத்துச் செல்லாமல் இருப்பது மிக முக்கியம், ஏனெனில் பத்து நல்ல பயணங்களால் உண்டான நம்பிக்கையை ஒரே ஒரு மோசமான பயணம் குலைத்துவிடக்கூடும்.

கார் எங்கே போய் நிற்கிறது என்பதையும் குட்டி கற்றுக்கொள்கிறது. ஊசி போடுவதற்கு மட்டுமே காரில் ஏறும் குட்டிக்குக் காரும் ஊசியும் ஒன்றுதான். தடுப்பூசிகள் முடிந்த பிறகு, அதிகாலையில் அழகர்கோவில் சாலையில் சிறிது தூரம் போய், போக்குவரத்தில்லாத இடத்தில் கயிற்றோடு நடக்கவிட்டுத் திரும்புங்கள். சுமார் 16 வாரத்தில் தடுப்பூசிகள் முடிவதற்கு முன்பு, தெருநாய்கள் நடமாடும் டீக்கடை வாசல்களில் இறக்கிவிடாதீர்கள். பார்வோ நோய்க் கிருமி மண்ணிலேயே நெடுங்காலம் உயிரோடிருக்கும். அதுவரை மடியில் வைத்துக் காற்று வாங்கச் செய்தாலே போதும்.

புறப்படும்போது பசிக்குமே என்று பால் ஊற்றிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். வாந்திக்கு அதைவிட நேரான வழியில்லை. கடைசி உணவுக்கும் பயணத்துக்கும் இடையே மூன்று, நான்கு மணி நேரம் இருக்கட்டும். மிகச் சிறிய குட்டிகளை நாள் முழுவதும் பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும் என்பதால் அதற்கு மேல் நீட்டிக்கக் கூடாது. தண்ணீரை இடையிடையே ஒரு வாய் கொடுக்கலாம்.

பின் இருக்கையின் நடுவில், முன்பக்கம் பார்த்தபடி, கூண்டிலோ மார்புப் பட்டையிலோ வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்; டிக்கிப் பகுதியில் ஆட்டம் அதிகம், ஓட்டுபவர் மடியில் வைப்பதோ ஆபத்து. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவையுங்கள். காரில் தொங்கும் வாசனைப் பொருளையும், சாமி படத்துக்குச் சூட்டிய மல்லிகைச் சரத்தையும் அன்று மட்டும் எடுத்துவிடுங்கள். நமக்கு இனிக்கும் மதுரை மல்லியின் மணமே, மூடிய காரில் ஏற்கெனவே குமட்டலில் இருக்கும் நாயின் மூக்குக்குத் தாங்க முடியாததாகிவிடலாம். சித்திரை வெயிலில் ஐந்து நிமிடம்கூடக் காரில் பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும், குட்டியின் உயிருக்கே ஆபத்து.

நாம் பேருந்துப் பயணத்துக்குப் போட்டுக்கொள்ளும் வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நாய்களுக்கென்றே மரோபிட்டன்ட் என்ற மருந்து இருக்கிறது. பயண வாந்திக்கு அது 4 மாதம் நிறைந்த குட்டிகளுக்கே உரியது, புறப்படுவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். அது வாந்தியை நிறுத்தும், பயத்தை நிறுத்தாது. காரில் ஏறாத நாள்களிலும் வாந்தி வந்தாலோ, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாலோ, இது பயண வாந்தி அல்ல; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாந்தி எடுத்துவிட்டால் ஒரு சொல்லும் கடிந்து பேசாதீர்கள். பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து விரித்து வைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு வேறொன்றை விரித்துப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கொடைக்கானல் போகும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. சமவெளியில் ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கி வரும் குட்டியை மட்டுமே மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வத்தலக்குண்டு தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, வளைவுகளில் பிரேக்கை மெதுவாக அழுத்தி, பாதுகாப்பாக நிறுத்த இடம் கிடைக்கும்போதெல்லாம் நிறுத்தி ஏறுங்கள். மேலே போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் கழித்து, வழக்கமாகத் தின்பதில் பாதி கொடுத்தால் போதும். இறங்கும்போதும் வளைவுகளும் பிரேக்கும் அதே அளவு உண்டு என்பதால், திரும்பும் நாளிலும் காலை உணவுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேரம் விட்டே புறப்படுங்கள்.