ஒரு சோதனைக்கு ஒரு வசனம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காரைக்குடியில் பழம்பொருள் வாங்கி விற்கும் தொழில் எனக்கு. பழைய வீடுகளிலிருந்து வரும் மங்குச் சாமான், பித்தளை விளக்கு, மரப்பெட்டி என்று எல்லாம் கைக்கு வரும். எங்கள் சபையில் போன வருடம் ஞானஸ்நானம் எடுத்த தம்பி ஒருவர், "சோதனை வந்தா வசனத்தைச் சொல்லுங்கிறாங்க, எந்த வசனத்தை, எப்படிச் சொல்றதுண்ணே?" என்று கேட்டார். சோதனை என்றால் பாவம் செய்யத் தூண்டும் ஆசை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேதாகமமும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

படி 1: சோதனையின் பெயரை எழுதுங்கள்

"பாவத்தில் விழாமல் காத்தருளும்" என்று பொதுவாக ஜெபித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். யாக்கோபு 1:14 அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்கிறது. அடுத்தவருடைய இச்சை வேறு, உங்களுடையது வேறு. எது, எந்த நேரம், எந்த இடம் என்று எழுதுங்கள். "இரவு பதினொரு மணிக்கு மேல், தனியாக, கையில் போன்" என்பது போல. என் நோட்டில் இருப்பது இது: "விலை தெரியாமல் விற்க வருகிறவரிடம் பொருளை மட்டம்தட்டிப் பேசுவது."

படி 2: அதே இடத்தைத் தொடும் வசனம் ஒன்று

மத்தேயு 4-ஐ மெதுவாகப் படியுங்கள். பிசாசு சோதிக்கும்போது இயேசு மூன்று முறை "எழுதியிருக்கிறதே" என்கிறார். மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்துதான் வருகின்றன: 8:3, 6:16, 6:13. இஸ்ரவேலர் 40 வருடம் வனாந்தரத்தில் பசித்ததையும், கர்த்தரைப் பரீட்சை பார்த்ததையும் மோசே நினைவூட்டிப் பேசும் பகுதி அது. இயேசுவோ 40 நாள் உபவாசத்துக்குப் பிறகு அதேபோன்ற ஒரு வனாந்தரத்தில், அதே பசியோடு நிற்கிறார். அவர்கள் எந்தச் சோதனையில் தோற்றார்களோ, அந்தச் சோதனையைப் பற்றிய வார்த்தையையே எடுக்கிறார். பொருத்தம் என்றால் அதுதான்.

எனக்கான வசனம் நீதிமொழிகள் 20:14-ல் கிடைத்தது. "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான்." வாங்கிக்கொண்டு போனபின் தன்னைத்தானே மெச்சிக்கொள்வான் என்று வசனம் தொடர்கிறது. படித்தபோது யாரோ என் கடைக்குள் நின்று பார்த்து எழுதியது போல இருந்தது.

கோபத்துக்கு நீதிமொழிகள் 15:1, பண ஆசைக்கு எபிரெயர் 13:5, கண்களின் இச்சைக்கு யோபு 31:1 என்று தொடங்கலாம். ஒன்றே ஒன்று எடுங்கள், பத்து வேண்டாம்.

படி 3: முன்னும் பின்னும் படியுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதே மத்தேயு 4-ல் பிசாசும் வசனம் சொன்னான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து. ஆனால் "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அவனுக்கு இயேசு "என்றும் எழுதியிருக்கிறதே" என்று இன்னொரு வசனத்தால் பதில் சொன்னார். வசனம் மந்திரம் அல்ல. அதன் பொருள் தெரிந்தால்தான் நம் ஆசைக்கு ஏற்றபடி அதை வளைக்காமல் இருப்போம். குறைந்தது அந்த அதிகாரம் முழுவதையும் படித்துவிடுங்கள்.

படி 4: மனதில் வைத்துவையுங்கள்

சங்கீதம் 119:11-ல் உமது வாக்கை என் இருதயத்தில் "வைத்துவைத்தேன்" என்கிறான் பக்தன். நம் வீடுகளில் வற்றல், வடகம் போட்டுப் பத்திரப்படுத்துவது போலத்தான், தேவைப்படும் நாளுக்கு முன்பே செய்துவிட வேண்டும். முதல் நாள் கையால் மூன்று முறை எழுதுங்கள். அப்புறம் தினமும் ஒரே வேலையோடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். நான் கடை ஷட்டரைத் தூக்கும்போது சொல்வேன். அதிகாரமும் எண்ணும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 5: அந்த நேரத்தில் வாயும் காலும்

சோதனை வந்தவுடன், யோசித்துப் பார்க்க நேரம் கொடுக்காமல், வசனத்தை வாயால் சொல்லுங்கள். முணுமுணுத்தாலும் சரி. "ஆண்டவரே, உதவும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உடனே இடத்தை விட்டு நகருங்கள். போத்திபார் வீட்டில், எஜமானுடைய மனைவி பிடித்து இழுத்தபோது, யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். 1 கொரிந்தியர் 10:13 சொல்லும் தப்பிக்கொள்ளும் வழி பல நேரம் வாசற்படியாகவே இருக்கிறது. போன் என்றால் கூடத்தில் வைத்துவிட்டு வந்து படுங்கள். குடி போல உடம்பைப் பிடித்துக்கொண்ட பழக்கம் என்றால் தனியாகப் போராடாதீர்கள், போதகரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

படி 6: விழுந்துவிட்டால்

1 யோவான் 1:9-ஐ எடுத்து அன்றைக்கே அறிக்கையிடுங்கள். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான்.

வசனம் மனப்பாடமாகி மூன்று மாதம் ஆனபின்னும் நான் விழுந்தேன். தேவகோட்டையிலிருந்து வயதான ஆச்சி ஒருவர் தேக்குப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். "பூச்சி அரிச்சிருக்கு ஆச்சி, இது போகாது" என்றேன். பூச்சி அரிக்கவில்லை. சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினேன், "நல்லதல்ல, நல்லதல்ல" என்று வாய் தானாகச் சொன்னது. அதற்குமேல் தூக்க முடியவில்லை. பூட்டிவிட்டு தேவகோட்டை பஸ் ஏறினேன்.

வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு மீதிப் பணத்தைக் கையில் கொடுத்தேன். ஆச்சி எண்ணிப் பார்க்கவில்லை. "அது எங்க அப்பச்சி பர்மாவுலேருந்து கொண்டாந்த பெட்டி தம்பி, பூச்சி அரிக்காது" என்றார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.