அப்பா எந்தப் படைப்பிரிவில் இருந்தார்? இரண்டாம் உலகப்போர் ஆர்.ஏ.எஃப் பதிவுகளைத் தேடும் வழி

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் விமானப்படையில் (ஆர்.ஏ.எஃப்) சேர்ந்து, கப்பலேறி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, போர் முடிந்ததும் ஊர் திரும்பிய இளைஞர்கள் ஏராளம். அவர்களில் பலர் வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "சிலோனில் இருந்தேன், வெயில் தாங்காது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் போன பிறகு பிள்ளைகள் தேடத் தொடங்குகிறார்கள். பிரிட்டனில் சம்பந்தம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி வருகிறது: "மருமகனுடைய தாத்தா திருகோணமலையில் இருந்தாராம், பார்த்துச் சொல்ல முடியுமா?" முடியும். முன் அனுபவம் எதுவும் வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்று. பெயரைக் கூகுளில் போட்டுத் தேடுவதில் பெரிய பயன் இல்லை. போர்க்கால ஆவணங்கள் ஆள்வாரியாக அல்ல, படைப்பிரிவுவாரியாக எழுதப்பட்டவை. எந்த யூனிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ற இரண்டும் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

படி 1: முதலில் வீட்டு அலமாரி

நீங்கள் தேடுவது சர்வீஸ் நம்பர், அதாவது படையில் அவருக்குக் கொடுத்த அடையாள எண். பே-புக், படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த ரிலீஸ் புக், கழுத்தில் தொங்கிய அடையாள வில்லை, பழைய கடிதங்களின் முகவரி, கிட்-பேக் துணி என எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். விமானத்தில் பறந்தவர் என்றால் லாக்-புக் இருக்கும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு பறப்பும் தேதியோடு அதில் இருக்கும்.

படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மார்பில் முழு இறக்கை இருந்தால் விமானி. ஒற்றை இறக்கையோடு எழுத்து இருந்தால் மற்ற விமானக் குழுவினர்: என் என்றால் நேவிகேட்டர், ஏஜி என்றால் துப்பாக்கி வீரர், ஈ என்றால் ஃப்ளைட் இன்ஜினியர். சட்டைக் கையில் இரண்டு இதழ் புரொப்பெல்லர் இருந்தால் எல்.ஏ.சி (லீடிங் ஏர்கிராஃப்ட்மேன்) தரம். கையில் மின்னலைப் பிடித்த சின்னம் வயர்லெஸ்காரர்களுடையது. படத்தின் பின்பக்கம் கொழும்பு ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிய படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். அப்படியே ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

படி 2: சர்வீஸ் ரெக்கார்டு கேட்டு விண்ணப்பம்

பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில், இறந்த படைவீரரின் பதிவைக் கேட்க ஒரு பக்கம் இருக்கிறது. முழுப்பெயர், பிறந்த தேதி, தெரிந்தால் சர்வீஸ் நம்பர், கூடவே இறப்புச் சான்றிதழ். பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் பழைய பதிவுகளைக் கட்டம் கட்டமாக லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. அதனால் அப்பாவின் பதிவு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்தப் பக்கத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.

நம்பர் தெரியாதவர்களுக்கு, காப்பகத்தின் ஏஐஆர் 78 என்ற தொகுப்பில் சாதாரண வீரர்களின் பெயர் அட்டவணை இருக்கிறது. அப்பா அதிகாரி என்றால் வேலை இன்னும் சுலபம்: நியமனமும் பதவி உயர்வும் லண்டன் கெசட் என்ற அரசிதழில் வெளியாகியிருக்கும், அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

அப்பா ஆஸ்திரேலிய விமானப்படையில் இருந்தவர் என்றால் கியூ பக்கம் போகவே வேண்டாம். கான்பெராவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதிகாரிகளுக்கு ஏ9300 தொகுப்பு, மற்றவர்களுக்கு ஏ9301. கனடாக்காரர் என்றால் ஆட்டவாவில் உள்ள நூலகமும் ஆவணக் காப்பகமும்.

படி 3: வந்த தாளைப் படிப்பது

பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். ஒன்றிரண்டு பக்கம், கிறுக்கல் கையெழுத்து, முழுக்கச் சுருக்கெழுத்துகள், வீரக்கதை எதுவும் கிடையாது. பொறுமையாக இருங்கள், உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

யூனிட் பெயரும் தேதியும் உள்ள பத்தியைக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழாகத் தனித்தாளில் எழுதுங்கள். ஏசி2, ஏசி1, எல்.ஏ.சி என்பவை சாதாரண வீரர்களின் தரங்கள், கீழிருந்து மேலாக. யு/டி என்றால் பயிற்சியில் இருப்பவர். பி.டி.சி என்பது வெளிநாடு போகிறவர்களைச் சேர்த்து அனுப்பும் முகாம். அது வந்துவிட்டாலே அடுத்தது கப்பல்தான். எம்.யு என்பது பராமரிப்புப் பிரிவு. ஏ.எம்.இ.எஸ் என்பதை விரித்தால் விமான அமைச்சகத்தின் சோதனை நிலையம் என்று வரும். ஆராய்ச்சிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். ராடார் நிலையத்துக்கு ரகசியமாக வைத்த பெயர் அது.

எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது ஆபத்து. 30 என்று இருந்தால் அது ஸ்குவாட்ரனா (விமானங்களை ஓட்டும் படைப்பிரிவு), எம்.யுவா, வேறு ஏதாவதா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரே எண் பல வகை யூனிட்டுகளுக்கு உண்டு.

பிரிட்டனில் கடைசித் தேதிக்கும் இந்தியாவில் முதல் தேதிக்கும் நடுவே இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் பதற வேண்டாம். 1943 நடுப்பகுதிவரை மத்தியதரைக் கடல் வழி பாதுகாப்பாக இல்லை. படைக்கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, ஃப்ரீடவுன், டர்பன் என்று நின்று நின்று வந்தன. அந்த நாட்களில் அப்பா கப்பல் தளத்தில் சீட்டாடிக்கொண்டு இருந்திருப்பார்.

படி 4: யூனிட்டின் நாட்குறிப்பு

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் ஆபரேஷன்ஸ் ரெக்கார்ட் புக் என்ற நாட்குறிப்பை எழுதியாக வேண்டும். கியூ காப்பகத்தில் இது ஏஐஆர் 27 தொகுப்பு. பெரும்பகுதியை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள், வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். காப்பகத்தின் தேடுபெட்டியில் ஸ்குவாட்ரன் எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால் போதும்.

நாட்குறிப்பு இரண்டு பாகம். ஃபார்ம் 540 என்பது அன்றாட நிகழ்வுகளின் சுருக்கம். ஃபார்ம் 541 பறப்புகளின் பட்டியல்: தேதி, விமான எண், குழுவினர் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்தது என்ன. அப்பா விமானக் குழுவில் இருந்தவர் என்றால் 541-இல் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். மெக்கானிக், சமையல்காரர், டிரைவர் என்றால் பெயர் வரவே வராமல் போகலாம். மாற்றல், ஆஸ்பத்திரி, விபத்து, விருது இவற்றில்தான் தரைப்பணியாளர்கள் தலைகாட்டுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு 540-தான் புதையல். மழையில் ஓடுபாதை கிடந்த நிலை, மலேரியா, கால்பந்து ஆட்டம், புதுக் கட்டளை அதிகாரி என்று அப்பா இருந்த சூழ்நிலை முழுக்க அதில்தான்.

குடும்பத்தில் சொல்லிவந்த கதைகளை இங்கே உரசிப் பார்க்கலாம். "ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அன்று அப்பா அங்கே இருந்தார்" என்பது அடிக்கடி கேட்கும் கதை. அந்தத் தாக்குதல் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலை மீது ஏப்ரல் 9. கொழும்புத் தாக்குதலுக்கு முந்தைய நாள், ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து கிளம்பிய கனடாவின் 413 ஸ்குவாட்ரன் கேட்டலீனா படகு விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதை ஓட்டிய லெனர்ட் பர்ச்சல் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். ஹரிக்கேன் போர் விமானங்களோடு இரத்மலானையில் 30, கொழும்பு குதிரைப்பந்தயத் திடலில் 258, திருகோணமலை சீனக்குடாவில் 261 ஸ்குவாட்ரன்கள் இருந்தன. அப்பாவின் தாளில் அந்த வாரம் இவற்றில் ஒன்று இருந்தால் கதை நிற்கும். அவர் ஜூனில்தான் வந்து இறங்கியிருக்கிறார் என்றால், மெஸ்ஸில் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு வந்து சொல்லியிருப்பார். அதற்காக அவரைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள்.

படி 5: இடத்தை வரைபடத்தில் வைப்பது

நம்மவர்கள் உதவக்கூடிய படி இது. ஆவணத்தில் கான்கெசன்துறை விமானத்தளம் என்று இருப்பது இன்றைய பலாலி. 160 ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் விமானங்கள் சிகிரியா, கான்கெசன்துறை, மின்னேரியா என்று இடம் மாறியவை. ரெட்ஹில்ஸ் லேக் என்று பார்த்தால் அது சென்னையின் புழல் ஏரி. 240 ஸ்குவாட்ரனின் கேட்டலீனா படகு விமானங்கள் அந்தத் தண்ணீரில்தான் இறங்கின. அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்பேட்டை, சூலூர் எல்லாமே போர்க்கால ஓடுபாதைகள். வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் என்பதால் லண்டனில் இருக்கும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். நமக்கு வாய்விட்டுப் படித்தால் ஊர் தெரிந்துவிடும்.

படி 6: பதக்கங்கள்

பிரிட்டன் கொடுத்த இரண்டாம் உலகப்போர் நட்சத்திரப் பதக்கங்களில் (ஸ்டார்) பெயர் பொறிக்கவில்லை. அதனால் பெட்டியில் இருக்கும் பதக்கம் அப்பாவுடையதுதான் என்பதற்கு சர்வீஸ் ரெக்கார்டுதான் ஆதாரம். பர்மா ஸ்டார் இருந்தால் கூர்ந்து பாருங்கள்: இலங்கையிலேயே இருந்த தரைப்பணியாளருக்குப் பொதுவாக அது கிடையாது. ஆகவே அவர் வங்காளம், அசாம், பர்மா பக்கம் போயிருக்க வேண்டும். நீங்கள் எழுதிய தேதிப் பட்டியலில் அந்த இடம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அப்பா வாங்காமலே விட்ட பதக்கங்களுக்கு நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம்.

வழி அடைபட்டால்

ஸ்குவாட்ரன் நாட்குறிப்பில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு படி மேலே ஏறுங்கள். தளத்தின் நாட்குறிப்பு ஏஐஆர் 28, சிறிய தனி யூனிட்டுகளுக்கு ஏஐஆர் 29, பல ஸ்குவாட்ரன்களை ஒன்றாக நடத்திய குரூப் தலைமையகத்துக்கு ஏஐஆர் 25. இலங்கை என்றால் கொழும்பில் இருந்த 222 குரூப். அப்பாவோடு பறந்து இறந்துபோன நண்பர்களின் பெயர் கிடைத்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் யூனிட்டும் தேதியும் இருக்கும். உடல் கிடைக்காதவர்கள் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சுவரில் இருக்கிறது. அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு 541-க்குத் திரும்பிப் போய், அன்றைய பக்கத்தைத் திறந்து குழுவினர் பட்டியலைப் பாருங்கள்.