காட்சி ராக்குக்குப் பூட்டு வேண்டாம்

நான் முதலில் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் ‘புதிய வரவுகள்’ என்று எழுதிய கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. சாவி அட்டெண்டர் அண்ணனிடம் இருக்கும். அவர் தபால் எடுக்கப் போய்விட்டால் அலமாரியும் அன்றைக்கு லீவு. ஒரு பையன் மூன்று நாள் தொடர்ந்து வந்து கண்ணாடி வழியாக ஒரே புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். நாலாவது நாள் வரவில்லை. இருபது வருஷம் ஆகிவிட்டது, அந்தப் பையனின் முதுகைப் பார்த்தால் இன்றைக்கும் அடையாளம் சொல்வேன்.

புதிதாக நூலகர் வேலைக்கு வருகிறவர்கள் “மேடம், டிஸ்ப்ளே எப்படி வைப்பது?” என்று கேட்டால், அதனால் பூட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பூட்டை எடுங்கள். பார்த்தவுடன் எடுத்து, அங்கிருந்தே கவுண்டருக்குக் கொண்டுபோக முடிய வேண்டும். காட்சிக்கு வைக்கும் முன்பே முத்திரை, அக்ஸஷன் எண் (நூலகப் பதிவேட்டு எண்), முதுகு லேபிள், பார்கோடு எல்லாம் முடிந்திருக்கட்டும். “இன்னும் என்ட்ரி போடவில்லை, அடுத்த வாரம் வா” என்று ஒருவனைத் திருப்பி அனுப்பினால் அவன் அடுத்த வாரம் வர மாட்டான்.

இடம். வாசலில் வைக்காதீர்கள். உள்ளே நுழைகிறவர்களுக்குக் கையெழுத்து போடுகிற அவசரம். ஆட்கள் சும்மா நிற்கிற இடம் எது என்று இரண்டு நாள் கவனியுங்கள். எங்கள் நூலகத்தில் அது இஷ்யூ கவுண்டர் வரிசை. வார இதழ் அடுக்கும் பழைய சாய்வு ராக் ஒன்றை அதற்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டோம், செலவு இல்லை. மேற்கு ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம், சாயங்கால வெயிலில் ஒரே மாதத்தில் அட்டை வெளிறிவிடும். முழங்காலுக்குக் கீழே உள்ள தட்டைக் காலியாகவே விடுங்கள். குனிந்து பார்க்கிறவர் நூலகர் மட்டும்தான்.

பதினைந்து புத்தகம் போதும், அட்டை முகம் தெரிகிற மாதிரி. நாற்பது வைத்துப் பார்த்திருக்கிறேன், கண் எதிலும் நிற்பதில்லை. ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய சின்னச் சீட்டு ஒன்று செருகுங்கள். “அருமையான நூல்” என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் உதவாது. “மூன்றாவது அத்தியாயத்தில் தொடங்குங்கள், முதல் இரண்டும் இழுவை” என்று எழுதிய புத்தகம் அன்றே போனது. ஒன்று போனதும் அந்த இடத்தை நிரப்ப ஓடாதீர்கள். “வெளியே போயிருக்கிறது, வேண்டுமென்றால் பெயர் எழுதுங்கள்” என்று ஒரு தாள் வையுங்கள். பக்கத்தில் இருப்பதைவிட இல்லாத புத்தகத்துக்குத்தான் கிராக்கி அதிகம்.

பலர் தவறவிடுவது ஒன்று: ராக்குக்கு வந்த புத்தகங்களின் இடத்தைக் கோஹாவிலோ நீங்கள் வைத்திருக்கும் வேறு நூலக மென்பொருளிலோ மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கணினியில் தேடுகிற மாணவி 894.811 என்ற தமிழ் இலக்கிய அடுக்குக்குப் போய், இல்லை என்று திரும்பிவிடுவாள். புத்தகமோ அவள் கடந்து வந்த ராக்கிலேயே சிரித்துக்கொண்டு இருக்கும்.

‘புதிய வரவுகள்’ என்ற பலகையையும் நான் கழற்றிவிட்டேன். பெரும்பாலான கல்லூரிகளில் நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று புத்தகங்கள் மார்ச் மாதத்தில்தான் மூட்டையாக வந்து இறங்கும். ஏப்ரலில் தேர்வு, அப்புறம் விடுமுறை. வந்ததை எல்லாம் வந்த வாரமே காட்சிக்கு வைத்தால் பார்ப்பது பல்லிகள்தான். எல்லாவற்றையும் முறைப்படி அடுக்கில் சேர்த்துவிட்டு, கல்லூரி திறந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தலைப்பில் பதினைந்தை எடுத்து வெளியே வையுங்கள். ‘ஆறுகள்’ என்று ஒருமுறை வைத்தோம். புவியியல், கவிதை, நீர் ஒப்பந்தச் சட்டம், மீன் வகைகள். வணிகவியல் பிள்ளைகள் கவிதை எடுத்துப் போனார்கள். பழைய புத்தகமும் கலக்கலாம். படிக்காதவனுக்கு எல்லாமே புதிய வரவுதான்.

நிகழ்ச்சி என்று வந்தால் தேசிய நூலக வாரம், நவம்பர் 14 முதல் 20 வரை. எங்களுக்கு அது செமஸ்டர் தேர்வு நேரம். அதனால் ஒரு போஸ்டரோடு அதை முடித்துக்கொண்டு, ஆகஸ்ட் 12-ஐ, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த நாளாகக் கொண்டாடும் நூலகர் தினத்தைப் பிடித்துக்கொள்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் அப்போதுதான் வந்திருப்பார்கள். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் என்று இரண்டு நிமிடம் சொன்னால் போதும். 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்க, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டிவைத்த கதையைச் சொல்கிறார். சங்கிலி போய்க் கண்ணாடிக் கதவு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆடிட்டோரியமும் சால்வையும் வேண்டாம். மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம், புத்தக அடுக்குகளுக்கு நடுவிலேயே நாற்காலி போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கட்டும், சுண்டல் இருக்கட்டும். மூன்றரை மணி பஸ் பிடிக்கிற பிள்ளைகளைச் சாயங்காலம் கூப்பிட்டுவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

கணினியில் வரும் வளங்களுக்குப் போஸ்டர் அறவே பயன்படாது. என்-லிஸ்ட் என்ற, கல்லூரிகளுக்கான மின்வளத் திட்டம் வழியாக ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அவை வரும் மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கும், மாணவனுக்கு ஸ்பாம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் வகுப்புவாரியாகப் பத்துப் பத்துப் பேராக வரச்சொல்லி, அவர்கள் போனிலேயே திறக்க வைத்து, ஒரு கட்டுரையை இறக்கிக் காட்டும்வரை விடுவதில்லை. முனைவர் பட்ட மாணவர்களுக்கு இந்திய ஆய்வேடுகளின் களஞ்சியமான ஷோத்கங்கா, தமிழ்த் துறைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் முயற்சியாக 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும். இந்த மூன்றுக்கும் கடவுச்சொல் தேவையில்லை, க்யூஆர் கோடுச் சதுரத்தை அச்சடித்துக் காட்சி ராக்கின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

பதினைந்து நாள் முடிந்ததும் மீதமிருக்கும் புத்தகங்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துக்கு மேல் மிஞ்சினால் தலைப்பு சரியில்லை. ‘ஆறுகள்’ முறை எனக்கு நான்கு மிஞ்சியது. அதில் மூன்று மீன்.